குழியில் தண்ணீர் நின்ற வாரம்

என் மருமகள் மலருக்கு இப்போது மண்ணீரல் இல்லை. போன ஐப்பசி மழையில் எங்கள் ஊர்ப் பெரிய ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவளை ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனவள் நான். பதினோரு நாள் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக்கொண்டு கூட இருந்தவளும் நான். அவள் சாகக் கிடந்ததற்குப் பாதிக் காரணமும் நான்தான். மிச்சப் பாதி என் மகன் சேகர்.

எங்கள் மகளிர் குழுவில் இதை இரண்டு தடவை வாயால் சொல்லிப் பார்த்தேன். இரண்டு தடவையும் பாதியிலேயே எழுந்து போய்விட்டேன். "எழுதிக் குடுத்துடு தனம், நாங்க படிச்சுக்கறோம்" என்றார்கள். பத்தாவது வரை படித்தவள்தானே, எழுதுகிறேன். அழகாக எழுத வராது. திட்டிக்கொண்டே எழுதுவேன், அதிகம் என்னைத்தான்.

எங்கள் வீடு பிள்ளையார்பாளையத்தில். முன்கட்டில் தறி இருக்கிறது. தரையில் குழி வெட்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் விட்டு மிதியை மிதித்து நெய்கிற தறி. குழி முட்டிக்குக் கொஞ்சம் மேல் ஆழம் இருக்கும், அவ்வளவுதான். கரையைத் தனி நிறத்தில் கோர்த்து நெய்கிற கோர்வைப் புடவைக்கு இரண்டு பேர் சேர்ந்து உட்கார வேண்டும் என்பதால், என் வீட்டுக்காரர் இருந்தவரை அவர் பக்கத்தில் நானும் அந்தக் குழியில் காலை விட்டுக்கொண்டு நெய்தவள். மழை பலமாகப் பிடித்தால் குழியில் ஊற்றெடுத்துத் தண்ணீர் நிற்கும். அது வற்றுகிற வரைக்கும் தறி ஓடாது. ஆஸ்பத்திரிக் கதையில் குழி எங்கே வந்தது என்று கேட்காதீர்கள், வரும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்குக் கன்னம் வீங்கியிருந்தால், கையில் கட்டுப் போட்டிருந்தால், "இன்னாடி ஆச்சு?" என்று கேட்போம். "குழில உழுந்துட்டேன்கா" என்பாள். "பாத்து நடக்கறதில்ல?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம். கேட்டவளுக்கும் தெரியும், சொன்னவளுக்கும் தெரியும். அதற்கு மேல் கேட்காமல் இருப்பதை ஒரு மரியாதை என்றே நினைத்திருந்தோம். எனக்கு அந்த வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தவர் என் மாமியார். கல்யாணமான வருஷம், என் வீட்டுக்காரர் அடித்துக் கீழுதடு கிழிந்த அன்றைக்கு, மஞ்சளைக் குழைத்து வைத்து அழுத்திக்கொண்டே, "யாராச்சும் கேட்டா குழில உழுந்துட்டேன்னு சொல்லு, புரிதா?" என்றார். மலருக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். அவளுக்குக் கல்யாணமாகி ஐந்தாம் மாதம் அது. நானும் மஞ்சள்தான் குழைத்தேன்.

சேகர் குடிக்க மாட்டான். "குடிக்காத புள்ள" என்று தெருவே சொல்லும், நானும் தலையை நிமிர்த்திக்கொண்டு கேட்டுக்கொள்வேன். குடிக்காமலே அடிக்கிறான் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை.

அந்த வாரம் ஏழு நாளாகத் தறி ஓடவில்லை. குழியில் தண்ணீர். அவன் வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டு, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் ஆள் கேட்கிறார்கள், தறி ஓடுகிற வரைக்குமாவது போகட்டுமா என்று மலர் கேட்டாள். பன்னிரண்டாவது முடித்தவள் அவள், கணக்கெல்லாம் சுளுவாகப் போடுவாள்.

"எனக்கு சம்பாரிக்க வக்கில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு திரியப் போறியா?" என்று ஆரம்பித்தான்.

"அப்படியா சொன்னேன்? சும்மா இருக்கறதுக்குப் போலாம்னுதான கேட்டேன்" என்றாள். அவ்வளவுதான் அவள் பேசியது. பிடித்துத் தள்ளினான். கீழே விழுந்தவளை இடப்பக்க விலாவில் காலால் உதைத்தான். இரண்டு உதை.

நான் பத்தடி தள்ளி ராட்டையில், புடவைக்குக் குறுக்கே ஓடுகிற ஊடைநூல் சுற்றிக்கொண்டிருந்தேன். முதல் உதைக்கு "டேய்" என்றேன். கை ராட்டையை நிறுத்தவில்லை. நிறுத்தினால் இழை அறுந்துவிடும் என்று அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்து போய் நடுவில் விழுந்திருந்தால் என்ன? என் மேல் ஒரு உதை விழுந்திருக்கும், எனக்கொன்றும் புதுசில்லையே. பாழாய்ப் போன அந்த நூல் பாதி சுற்றியபடி இன்னும் பெட்டியில் கிடக்கிறது. அதை நெய்யவும் மனசு வரவில்லை, தூக்கிப் போடவும் மனசு வரவில்லை.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். மலர் எழுந்தாள், முகம் கழுவினாள், வேறு புடவை மாற்றிக்கொண்டாள், உலை வைத்தாள். அரை மணி கழித்து அரிசிப் பானையைப் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வுட்டா குத்துது அத்தே" என்றாள். அப்போதுதான் ஆட்டோ கூப்பிட்டேன்.

ஆட்டோவில் கேட்டாள், "டாக்டர் கேட்டா இன்னா சொல்றது?"

"நான் சொல்லிக்கறேன். நீ வாயத் தொறக்காத."

அவசரப் பிரிவில் ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். தெற்கத்திப் பேச்சு, ஊருக்குப் புதுசு என்று கேட்டதுமே தெரிந்தது. "என்னம்மா நடந்துச்சு?" என்று மலரைப் பார்த்துத்தான் கேட்டார். முந்திக்கொண்டு பதில் சொன்னது நான்.

"தறிக்குழில உழுந்துட்டா டாக்டரம்மா."

"எப்படி விழுந்தாங்க? எந்த இடம் முதல்ல தரையில பட்டுச்சு?"

இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தைக்கு மேல் யாரும் என்னிடம் அடுத்த கேள்வி கேட்டதில்லை. "கால் வழுக்கி, உக்காந்த மாதிரி உழுந்துட்டா. முட்டி, இடுப்பு" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் அதை அப்படியே சீட்டில் எழுதினார். எங்கள் தெருவில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்குக் குழி என்றால் குழிதான்.

வயிற்றையும் அழுத்திப் பார்க்கத்தான் பார்த்தார். "வலிக்குதா?" என்றார். மலர் பல்லைக் கடித்துக்கொண்டு "இல்ல" என்றாள். நான் கட்டில் பக்கத்தில் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நான் அப்படி நின்றால் அவள் வேறென்ன சொல்வாள், பாவம்.

முட்டிக்கும் இடுப்புக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு எதுவும் உடையவில்லை என்று வந்தது. உடைந்த இடத்தை நான் காட்டவே இல்லையே, எப்படித் தெரியும்? வலிக்கு ஊசி போட்டு, "ஒரு மணி நேரம் வெளிய உக்காருங்க, திரும்பப் பாக்குறேன்" என்றார் டாக்டர். தாழ்வாரத்தில் இரும்பு பெஞ்சில் உட்கார்ந்தோம். ஓரமெல்லாம் மழைச் சாரல். கும்பகோணத்துக்குப் போய்விட்டு வந்த கதையை ஒரு அம்மா உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளூர எனக்கு நிம்மதி. எலும்பு உடையவில்லை, வார்த்தையும் செல்லுபடியாகிவிட்டது, சாயந்திரத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம். அப்படித்தான் நினைத்தேன், இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

"அத்தே, எடது தோள்பட்ட வலிக்குது" என்றாள் மலர்.

தோளில் அடி எதுவும் விழவில்லையே என்று யோசித்தேன். "வாயுவா இருக்கும்" என்று சொல்லி, கும்பகோணத்து அம்மாவிடம் தைலம் வாங்கித் தேய்த்துவிட்டேன். நன்றாக அழுத்தித் தேய்த்தேன். "இதமா இருக்குதா?" என்று வேறு கேட்டேன். அவள் "ம்" என்றாள். பிற்பாடு டாக்டர் விளக்கினார்: வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற தசைத் திரையைத் தொட்டால், வலி இடது தோளில்தான் தெரியுமாம். நரம்பின் போக்கு அப்படியாம். வயிற்றில் அடிபட்டவர்கள் யாராவது இடது தோள் வலிக்கிறது என்று சொன்னால், தயவுசெய்து தைலம் தேய்க்காதீர்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். இந்த ஒன்றுக்காகவாவது இதை எழுதலாம் என்று தோன்றியது.

கொஞ்ச நேரத்தில் அவளுக்கு வேர்த்தது. மழைக் குளிரில் நாங்கள் எல்லாம் முந்தானையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இவளுக்கு நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. ரிஜிஸ்டரை இடுக்கிக்கொண்டு போன ஒரு சிஸ்டர் நின்றார். நாற்பத்தைந்து வயது இருக்கும். மலரின் கையைத் தொட்டுப் பார்த்து முகம் சுளித்தார்.

"எங்கேந்து வர்றீங்க?"

"பிள்ளையார்பாளையம்."

"நானும் அங்க பொறந்தவதான். இன்னா ஆச்சு இவங்களுக்கு?"

"குழில உழுந்துட்டா."

அவரும் எங்கள் தெருக்காரியைப் போலவே "ம்" என்றார். அப்பாடா என்றிருந்தது. நாடியைப் பிடித்துக்கொண்டே, சும்மா பேச்சுக்குக் கேட்பது போல, "இந்த மழைக்கு எங்க அண்ணன் வூட்டுக் குழில ஊத்து எடுத்துக்கிச்சு. உங்க வூட்ல தண்ணி நிக்கலியா?" என்றார்.

"அத ஏன் கேக்கற!" என்று ஆரம்பித்தேன் நான். "முட்டி வரைக்கும் நிக்குது. வாளி வாளியா மொண்டு ஊத்தறோம், ஊறிக்கினே இருக்குது. ஏழு நாளா தறி ஓடல."

மழைக்காலத்தில் எங்கள் ஆட்களிடம் குழியைப் பற்றிக் கேட்டால் வேறு என்ன சொல்வோம்? புலம்பத்தான் செய்வோம். நானும் புலம்பித் தீர்த்துவிட்டு நிமிர்ந்தேன். சிஸ்டர் என்னைப் பார்க்கவில்லை. மலரின் புடவையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பொடவ மாத்திக்கினா" என்று முனகினேன்.

சிஸ்டர் குனிந்து மலரின் பாவாடை ஓரத்தைத் தொட்டார், பின்னலைத் தொட்டார். எல்லாம் காய்ந்து கிடந்தது. ஒரு வாரச் சேற்றுத் தண்ணீரில் விழுந்தவள் காலில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"அக்கா, எங்க அடிச்சான்?" என்றார். யார் என்று கேட்கவில்லை.

கடவுள் சாட்சியாகச் சொல்கிறேன், அப்போதும் நான் சொல்லவில்லை. மலர்தான் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, சிஸ்டரின் கையை எடுத்துத் தன் இடது விலாவின் மேல் வைத்தாள்.

அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். தள்ளுவண்டி வந்தது. ரத்த அழுத்தம் இறங்கிக்கொண்டே போகிறது என்றார்கள். வயிற்றில் ஸ்கேன் வைத்துப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. இடப்பக்கம் கீழ் விலா இரண்டு உடைந்து, அதற்குள் இருக்கிற மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் நிறைந்திருக்கிறது என்றார். மண்ணீரல் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. கைப்பிடி அளவுதான் இருக்குமாம், ரத்தம் ஊறின பஞ்சு மாதிரி மெத்தென்று இருக்குமாம். கிருமிகளோடு சண்டை போடுகிற வேலை அதற்கு. சின்னக் கிழிசல் என்றால் படுக்க வைத்துக் கவனித்தே ஆற்றிவிடுவார்களாம். இவளுக்குக் கிழிசல் பெரிது, நேரமும் போய்விட்டது.

"முதல்லயே சொல்லிருந்தா அப்பவே ஸ்கேன் எடுத்திருப்பேன்ம்மா" என்றார் டாக்டர். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பிறகு தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "உங்கள வெளிய அனுப்பிட்டு அவங்கள தனியா கேட்டிருக்கணும்" என்றார். என் பொய்க்கு அந்தப் பெண் வருத்தப்பட்டுக்கொண்டு நின்றார். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்று கையெழுத்துப் போடச் சொன்னார்கள். உறவு என்ற இடத்தில் 'மாமியார்' என்று எழுதினேன். என் கையெழுத்தே எனக்கு அடையாளம் தெரியவில்லை, அப்படிக் கோணியது.

மலரின் அப்பாவுக்குப் போன் போட்டேன். முசரவாக்கத்திலிருந்து நனைந்துகொண்டே வந்து சேர்ந்தார். தாயில்லாப் பெண்ணை ஒற்றை ஆளாக வளர்த்தவர். "இன்னா ஆச்சு சம்மந்திம்மா?" என்றார்.

"வயித்துல அடி பட்டுடுச்சு" என்றேன்.

அடி தானாக வந்து படுமா? யார் அடித்தது என்று சொல்லாமலே சொல்லி முடிக்க நம் பாஷையில் நிறைய வழி இருக்கிறது, எனக்கு எல்லாம் அத்துப்படி. அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. முன்னால் இரண்டு தடவை மலர் கோபித்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனபோது, நான்தான் பழமும் பூவும் வாங்கிக்கொண்டு போய், "இனிமே அவன் கை நீட்ட மாட்டான், நான் பொறுப்பு" என்று அவரிடம் சொல்லிக் கூட்டி வந்தேன். அந்த 'நான் பொறுப்பு' அவருக்கும் ஞாபகம் வந்திருக்கும். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துப் பிழிந்துகொண்டே இருந்தார்.

மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். உயிர் தங்கியது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவு, பிறகு பெண்கள் வார்டு. வயிற்றில் நெடுக்காகத் தையல், பக்கத்தில் ஒரு குழாய். கெட்ட நீர் வடிந்து பைக்குள் இறங்குவதற்கு அது. அந்தப் பையை அளந்து எழுதிக்கொண்டு போவார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டு இருமச் சொல்லியிருந்தார்கள். உடைந்த விலாவுக்குக் கட்டு கிடையாது, அதுவாகத்தான் கூட வேண்டுமாம். அவள் இருமும் போதெல்லாம் தலையணையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். கொடுக்கும்போது அவள் விரல் என் மேல் படாமல் வாங்கிக்கொள்வாள்.

இரவுகளைப் பற்றி எழுதப் போவதில்லை. தூங்கவில்லை, அவ்வளவுதான்.

மலருக்குப் பேச வந்ததும், சிஸ்டர் என்னை வெளியே போகச் சொல்லிவிட்டு, திரையை இழுத்துவிட்டு அவளிடம் பேசினார். டாக்டரும் இருந்தார். மலர் நடந்ததைச் சொல்லிவிட்டாள். இப்படி அடிபட்டு வந்தால் போலீசுக்குத் தகவல் கொடுப்பது ஆஸ்பத்திரியின் கடமை, அதற்கு மேல் புகார் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். கொடுக்கிறேன் என்றிருக்கிறாள். இதெல்லாம் சிஸ்டர் என்னிடம் சொன்னது. மலர் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நாலாம் நாள் பார்வையாளர் நேரத்தில் சேகர் வந்தான். கையில் ஆரஞ்சுப் பழம், இளநீர். கட்டில் பக்கத்தில் நின்றதும் பொலபொலவென்று கண்ணீர் விட்டான். வேஷமில்லை, அவனுக்கு அழுகை வரும். அவன் அப்பாவுக்கும் வரும். எதிர்க் கட்டில் அம்மா, "எவ்ளோ பாசமான புருஷன் பாரு, ஆம்பள அழுவறாரு" என்றார். அவன் ஆரஞ்சை உரித்து ஒரு சுளையை நீட்டினான். மலர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சிஸ்டர் வந்து, "பேஷண்ட் உங்கள பாக்க விரும்பல, வெளிய போங்க" என்றார். உரித்த ஆரஞ்சோடு என்னைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"அம்மா, நாளைக்கு ஸ்டேஷன்லேந்து வர்றாங்களாம். நீ மொதல்ல சொன்னதையே சொல்லு. குழின்னு எழுதி வெச்சிருக்காங்க இல்ல, உன் பேர்ல? நீ மாத்தலன்னா அவ சொல்றது நிக்காது."

"தண்ணி நிக்குதுடா குழில" என்றேன்.

"அதெல்லாம் எவன் வந்து பாக்கப் போறான்? தோ பாரும்மா, வூட்ல இருந்தது மூணு பேரு. நான் இல்லன்னு சொல்லப் போறேன். மிச்சம் நீதான். பெத்த புள்ளய ஜெயிலுக்கு அனுப்புவியா? இனிமே அவ மேல கை வெச்சேன்னா என்னைய செருப்பால அடி."

அவன் கையில் ஆரஞ்சுச் சாறு வழிந்துகொண்டிருந்தது. முந்தானையால் துடைத்துவிட்டேன். முப்பத்திரண்டு வருஷப் பழக்கம், எங்கே போகும்? சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவன் அதைச் சரி என்றே எடுத்துக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் மலருக்குக் கஞ்சி கொடுக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா விடிகாலையில் காய்ச்சித் தூக்கில் எடுத்து வந்திருந்தார். ஸ்பூனால் ஊட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாவது ஸ்பூனில் என் இடது கையையே பார்த்தாள். அந்தக் கையில் மோதிர விரல் மடங்காது, இருபது வருஷமாக அப்படித்தான். தறியில் ஊடை ஓட்டுகிற நாடாவைப் பிடிக்கவும் உதவாமல் நீட்டிக்கொண்டே இருக்கும்.

"அத்தே, நீங்க எத்தினி வாட்டி குழில உழுந்தீங்க?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் என்னைப் பார்த்துப் பேசின முதல் பேச்சு அது.

"கஞ்சி ஆறிடும், சாப்புடு" என்றேன்.

அவள் வாயைத் திறந்தாள். மேற்கொண்டு கேட்கவில்லை. மிச்சக் கஞ்சியை முழுக்க ஊட்டி முடித்தேன். ஒரு பதிலுக்குக்கூட லாயக்கில்லாத ஜென்மம் என்று என்னையே திட்டிக்கொண்டு பாத்திரம் கழுவினேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

பதினோரு மணிக்குப் பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் வந்தார். கூடவே, இப்படி அடிபட்ட பெண்களுக்கு உதவுகிற மையத்திலிருந்து ஒரு அம்மாவும் வந்தார். மலரிடம் பேசி எழுதிக்கொண்டார்கள். பிறகு சப்-இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, ஆஸ்பத்திரிச் சீட்டைப் புரட்டினார்.

"தறிக்குழில விழுந்துட்டாங்கன்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க. விழுந்தத நீங்க பாத்தீங்களா?"

திரை விலகித்தான் இருந்தது. மலர் மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவள் அப்பா காலடியில் தூக்குச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஜெயில் கம்பிக்குப் பின்னால் சேகரின் முகம், அதுவும் சின்ன வயசு முகம், கண் முன்னால் வந்து வந்து போனது.

"அவ உழல" என்றேன்.

"சத்தமா சொல்லுங்கம்மா."

"குழில அவ உழல. குழில தண்ணி நிக்குது, அன்னிக்கு அது பக்கம் யாருமே போவல. என் புள்ளதான் ஒதச்சான். எடது பக்கம். ரெண்டு ஒத. நான் பாத்துக்கினுதான் இருந்தேன்."

"நீங்க அப்ப என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"

"ராட்ட சுத்திக்கினு இருந்தேன்."

அவர் பேனாவை நிறுத்தி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அதையும் எழுதிக்கங்க" என்றேன்.

கையெழுத்துப் போட்டேன். இந்தத் தடவை கோணவில்லை. மலர் திரும்பிப் பார்க்கவில்லை, நன்றி என்று எதுவும் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. என் புத்தி அப்படி ஒன்றை எதிர்பார்த்து நின்றதுதான் வெட்கம். அவள் அப்பாதான் வெளியே போய் எனக்கு ஒரு டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தார். அதைக் குடிக்க முடியாமல் தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன்.

சேகரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு ஜாமீனில் வந்தான். மலர் இருக்கிற இடத்துக்கு அவன் போகக் கூடாது என்று கோர்ட்டில் உத்தரவு வாங்கிக் கொடுத்தார்கள் மையத்துக்காரர்கள். வக்கீலையும் அவர்களே ஏற்பாடு செய்தார்கள். அவன் இப்போது வேறு எங்கேயோ கூலிக்கு நெய்கிறான். "எனக்கு அம்மா இல்ல" என்று சொல்லியனுப்பினான். அவனுக்குப் பிடித்த கத்தரிக்காய் வாங்கும்போது இன்னும் கை தயங்கும். தெருவில் சிலர் என்னோடு பேசுவதில்லை. பெற்ற பிள்ளையைக் காட்டிக் கொடுத்தவள் என்கிறார்கள். என் மருமகளை மூன்று வருஷம் அவனிடம் காட்டிக் கொடுத்ததைப் பற்றி ஒருத்தியும் கேட்கவில்லை.

இதைப் படிக்கிற பெண்களே, மாமியார்களே, பக்கத்து வீட்டுக்காரிகளே, உங்களிடம் கேட்டுக்கொள்வது இதுதான். அடிபட்டவளோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் அவளைப் பேச விடுங்கள். வெளியே போகச் சொன்னால் முணுமுணுக்காமல் போங்கள். டாக்டரிடம் சொல்கிற பொய் மானத்தைக் காப்பாற்றாது, எங்கே கிழிந்திருக்கிறது என்பதைத்தான் மறைக்கும். அடிபட்டவளே, உன்னிடம் ஒன்று. ஆஸ்பத்திரியில் யாரிடமாவது தனியாகப் பேச வேண்டும் என்று கேள், கேட்கலாம். அங்கிருந்து எங்கே போவது என்று வழி சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். எனக்கு இதெல்லாம் ஐம்பத்தெட்டு வயசில்தான் தெரிந்தது.

மலர் முசரவாக்கத்தில் அப்பாவோடு இருக்கிறாள். அந்த மருந்துக் கடை வேலைக்குத்தான் போகிறாள். மண்ணீரல் இல்லாதவர்கள் சில தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும், லேசாகக் காய்ச்சல் அடித்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். போன மாதம் அப்படி ஒரு ஊசிக்கு நாள் குறித்திருந்தார்கள். நானும் வரட்டுமா என்று போனில் கேட்டேன். "வேணும்னா வாங்க" என்றாள்.

அதே தாழ்வாரம், அதே இரும்பு பெஞ்ச். நடுவில் அவளுடைய கைப்பையை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தோம். டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவளுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

"அன்னிக்கு ஒண்ணு கேட்டியே" என்றேன். "கஞ்சி குடிக்கறப்ப."

அவள் திரும்பிப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா அந்தக் குழில காலை வுட்டுக்கினு உக்காந்திருக்கேன். ஒரு வாட்டி கூட நான் உழலடி."

என் மடங்காத விரலை ஒரு நிமிஷம் பார்த்தாள். தொடவில்லை.

"தெரியும் அத்தே" என்றாள்.

அவள் நம்பரைக் கூப்பிட்டார்கள். எழுந்தவள், கைப்பையை எடுக்கப் போய், பிறகு எடுக்காமல் என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் வருகிற வரைக்கும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.